பில் அக்காவின் மெதுவான மீட்டர்

மின்சார அலுவலகத்துக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு மடக்கு மேஜை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மேஜைமேல் ஒரு கட்டு வெள்ளைத்தாள், அது பறக்காமல் இருக்க உள்ளங்கை அளவு கல். இவ்வளவுதான் பில் அக்காவின் ஆபீஸ். மழை வந்தால் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குள் ஓடிவிடுவாள். பெயர் மாற்ற மனு, மீட்டரை இடம் மாற்ற மனு, புது இணைப்புக்கு மனு என்று எதுவாக இருந்தாலும் கால் மணி நேரத்தில் எழுதிக் கொடுப்பாள். கூலி மனுவுக்குத்தான். பில்லைப் படித்து விளக்கம் சொல்வதற்கு ஒரு பைசா வாங்கமாட்டாள். ஆனாலும் ஜனங்கள் அவளுக்கு வைத்த பெயர் அந்த இலவச வேலையால் வந்ததுதான். கூலி வாங்கிச் செய்கிற வேலையை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் பில்லில் ஒரு மண்ணும் தெரியாது. அப்போது ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கணவன் டைல்ஸ் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தான். இருபது வருடம் அறுத்த தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டதில், ஒருநாள் மாடிப்படியில் பாதியில் நின்றவனால் அதற்குமேல் ஏற முடியவில்லை. அதோடு அவன் வேலையும் போயிற்று, அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவள் வேலையும் போயிற்று. நினைத்த நேரத்தில் வீட்டுக்கு ஓடிவர வசதியாக ஒரு பிழைப்பு வேண்டும் என்று தேடியபோது கண்ணில் பட்டதுதான் இந்தச் சுவர்.

அவள் பில் விளக்குவதைக் கேட்பதற்கென்றே சிலர் நிற்பார்கள்.

"மேல நீளமா ஒரு நம்பர் இருக்கு பாருங்க, அது நீங்க யாருன்னு சொல்றது. அதை விடுங்க, நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். கீழ ரெண்டு ரீடிங். ஒண்ணு போன மாசத்துது, ஒண்ணு இந்த மாசத்துது. கழிச்சுப் பார்த்தா நீங்க எரிச்ச யூனிட். அடுத்து நிலைக்கட்டணம். நீங்க சும்மா இருந்தாலும் அது சும்மா இருக்காது. அப்புறம்தான் வினையே. முதல் நூறு யூனிட் ஒரு விலை, அடுத்த நூறு ஒரு விலை, இருநூறைத் தாண்டினீங்க, கடிச்சு வெச்சுடும். இது எரிபொருள் கட்டணம், அவங்க நிலக்கரி வாங்கற விலை ஏறினா நம்ம தலையில ஏறும். கடைசியில வரி. வரி எதுக்குன்னு என்கிட்ட கேக்காதீங்க, எனக்கே தெரியாது."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்த பிறகு அதே பணத்தைத்தான் கட்டப்போகிறார்கள் என்றாலும், எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுவதில் ஒரு ஆறுதல் இருக்கிறதல்லவா? அந்த ஆறுதலைத்தான் அவள் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வீடு, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய மாடிக் கட்டிடத்தில். ஆறு குடித்தனம். மாடியில் எதிரெதிரே இரண்டு கதவு, மூன்றாம் எண்ணும் நான்காம் எண்ணும். நான்கில் இவர்கள். மூன்றில் செக்கர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்திரண்டு வருடம் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர். இன்னமும் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு, பையில் பேனா குத்தித்தான் பால் வாங்கவே போவார். மனைவி இறந்த பிறகு மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தார். ஹாலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கட்டில். விசிறியைப் போடுவதா வேண்டாமா என்று மருமகள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். "சாகறவரைக்கும் என் கதவை நானே திறந்து நானே மூடணும்மா, வேற ஆசை ஒண்ணும் கிடையாது" என்று பில் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆசைக்குத்தான் உலை வைத்தது மின்சார பில்.

அவர் மனைவி இருந்தவரை பில்லை அந்த அம்மாதான் கட்டினார். இவர் முதன்முதலாக ஒரு பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அதில் இருநூற்று எழுபது யூனிட் இருந்தது. ஒரு விசிறி, இரண்டு விளக்கு, ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் ஒற்றை மனிதருக்கு! நேராக எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அம்மா, நான் யாரையும் டிக்கெட் இல்லாம விட்டதில்ல. இப்ப என் வீட்டுலயே எவனோ டிக்கெட் இல்லாம ஏறியிருக்கான். கண்டுபிடிச்சுக் குடுங்க."

பில் அக்காவுக்கு இதைவிடப் பிடித்த வேலை உண்டா? அவர் வீட்டுக்குள் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பழைய ஃபிரிட்ஜ்தான் குற்றவாளி என்றாள். அவர் அதை அணைத்தார். ஒரு வேளைக்கு வேண்டிய பாலை மட்டும் வாங்கி அப்போதே காய்ச்சினார். அடுத்த பில், இருநூற்று எழுபத்தாறு. குண்டு பல்பை மாற்றச் சொன்னாள். மாற்றினார். இருநூற்று எண்பது. விசிறியின் மோட்டார் பழுதாகியிருக்கலாம் என்றாள். விசிறியையும் நிறுத்தினார். வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டையோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்து, அட்டையை மடித்து விசிறிக்கொண்டிருப்பார். பில் மட்டும் அசையவில்லை. பென்ஷனில் பாதிக்குப் பக்கம் அதற்கே போனது. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட ஆரம்பித்தார்.

பில் அக்கா சும்மா விடவில்லை. மீட்டரைச் சோதிக்க மனு எழுதினாள், கூலி வாங்காமல். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரில் வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, 'மீட்டர் சரியாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேல் அதிகாரிக்கு இன்னொரு மனு. அதற்கும் அதே பதில்.

அவள் வீட்டுக் கதை வேறு மாதிரி. கணவனுக்கு ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கால் உயரத்தில் ஒரு பெட்டி. அறையின் காற்றை இழுத்து, ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். ஒரு நாளைக்கு இருபது மணி நேரமாவது அது ஓடும். அதை வாங்கிப் போட்டபோது மின்சாரத்துக்கு என்ன செய்வது என்றுதான் அவள் அழுதாள். ஆனால் இந்த வீட்டுக்குக் குடிவந்து வாங்கிய முதல் பில்லில் எழுபது யூனிட். அப்புறம் ஐம்பது. அப்புறம் முப்பத்தெட்டு. மெஷினின் முதுகில் எத்தனை வாட் என்று அச்சடித்திருக்கிறது. அவளுக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். இருநூறுக்குக் குறையாமல் வரவேண்டும் என்று தெரியும். மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று முடிவு செய்துகொண்டாள். பழைய மீட்டர்களில் அப்படி உண்டு. வாரத்தில் இரண்டு பேருக்காவது 'என் மீட்டர் வேகமாக ஓடுகிறது' என்று மனு எழுதுகிறவள், தன் மீட்டர் மெதுவாக ஓடுவதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"கவர்மெண்ட்டு நமக்குக் குடுக்கற பென்ஷன்னு நினைச்சுக்கோ" என்பான் கணவன். சிரித்தால் அவனுக்கு இருமல் வரும். ஆனாலும் சிரிப்பான்.

அது பெரிய அலுவலகம், ஒரு வீட்டின் இருநூறு யூனிட்டால் அது ஒன்றும் குடி முழுகிப் போகாது என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். நாமும் அப்படித்தான் செய்திருப்போம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. செக்கர் தன் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கீழே மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பலகையில் மூன்று என்று எழுதிய மீட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு துடிக்கும். மெயினை அணைத்த பிறகும் அது துடித்தால் யாரோ கொக்கி போட்டுத் திருடுகிறார்கள் என்று அர்த்தம். செக்கர் உற்சாகமாக இறங்கிப்போனார். பழைய உத்தியோகமே திரும்பக் கிடைத்ததுபோல் அவர் முகம் தெளிந்திருந்தது.

"துடிக்குதும்மா! மெயின் அணைச்சும் துடிக்குது!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருங்கய்யா, இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் கையிலிருந்த வேலையை முடிக்கப் போனாள். ஞாயிறு காலையில்தான் மெஷினின் ஃபில்டரைக் கழுவுவாள். கணவனை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, மெஷினை அணைத்தாள். வீட்டில் அந்த நேரத்தில் ஓடியது அது ஒன்றுதான்.

"நின்னுடுச்சும்மா!" என்றார் செக்கர்.

அவள் ஃபில்டரை உதறி மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். மெஷின் ஒரு தடவை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது.

"அட, மறுபடியும் துடிக்குது! திருடன் போய்ட்டுத் திரும்பி வந்துட்டான்!"

பில் அக்கா சுவிட்சில் வைத்த கையை எடுக்கவில்லை. மறுபடி அணைத்தாள். "நின்னுடுச்சு!" என்றது கீழ்க்குரல். போட்டாள். "துடிக்குது!" கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் காது கேட்கும்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாகப் புரிந்தது. அவர்கள் குடிவருவதற்கு முன்னால் வீட்டுக்காரர் கட்டிடத்துக்கு வெள்ளையடித்திருந்தார். மீட்டர் பலகையிலும் ஒரே பூச்சு. அழிந்துபோன எண்களைப் பெயிண்டர் தன் ஞாபகத்தில் இருந்து திரும்ப எழுதியபோது மூன்றும் நான்கும் இடம் மாறிவிட்டன. ரீடிங் எடுக்க வருகிறவர் பலகையில் இருந்த எண்ணைப் பார்த்து அந்தந்தக் கதவுக்கு அடியில் பில்லைச் செருகினார். எல்லா இணைப்பும் வீட்டுக்காரர் பெயரில் இருந்ததால் பெயரைப் பார்த்தும் ஒன்றும் தெரியாது. பழைய பில்லோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒரே இடம், பில்லின் தலையில் இருந்த அந்த நீள நம்பர். அதைத்தான் அவள் எல்லாரிடமும் 'விடுங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

செக்கர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். "கொக்கிதானேம்மா? யாருன்னு கண்டுபிடிச்சிடலாமா?"

"பாக்கணும்யா" என்றாள். "பாத்துச் சொல்றேன்."

அன்று மதியம் ரொட்டியும் டீயும் கொடுத்தபோது கணவன் பேசினான். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினான்.

"அவர்கிட்ட... சொல்லிடு."

"சொல்லிட்டு? ரெண்டு வருஷத்துப் பணத்தைக் குடுங்கன்னு கேட்டா என்னத்தை எடுத்துக் குடுப்பேன்? அடுத்த மாசத்துல இருந்து இருநூத்தி எம்பது யூனிட்டுக்கு எங்கே போவேன்?"

"மெஷினை... கொஞ்ச நேரம் நிறுத்தி..."

"வாயை மூடுங்க!" என்று கத்தினாள். கத்தியது எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று உடனே குரலைத் தாழ்த்தினாள். "மாசம் பொறக்கட்டும். நானே சொல்றேன்."

மாதம் பிறந்தது. இன்னொரு மாதமும் பிறந்தது. கணவன் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. நல்லவன்தான், ஆனால் மூச்சு விடுவதற்கு அவனுக்கும் ஆசை இருந்தது. அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? நம் மூச்சுக்கு மீட்டர் இல்லை.

பில் அக்கா செக்கரைக் கண்டால் ஒதுங்க ஆரம்பித்தாள். அவர் விடவில்லை. ஒவ்வொரு பில்லையும் அவளிடம் கொண்டுவந்து காட்டினார். அவளும் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரீடிங்கைக் கழித்து, நிலைக்கட்டணத்தைத் தொட்டுக் காட்டி, எரிபொருள் கட்டணம் ஏறியிருக்கிறது என்று விளக்கினாள். வார்த்தை தடுமாறவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. மனு எழுதுகிற இடத்தில் உட்கார்ந்து தினமும் மனசுக்குள் ஒரு மனு எழுதுவாள். 'ஐயா, தாங்கள் கட்டியது எங்கள் வீட்டு மின்சாரம்' என்று ஆரம்பிக்கும். இரண்டாவது வரி வராது. அடுத்தவர் வீட்டுத் துயரத்தை நான்கு பக்கம் எழுதுகிறவளுக்குத் தன் வீட்டுத் தப்பை இரண்டு வரி எழுத முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் மேஜையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியில் பெட்டிகள் இருந்தன. செக்கரின் மகன் டெம்போக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"கிளம்பறேன்மா" என்றார் செக்கர். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. "படியில உட்கார்ந்திருந்தேன். திடீர்னு கண்ணை இருட்டிக்கிட்டு வந்துடுச்சு. கீழ் வீட்டுக்காரங்க என் பையனுக்கு போன் பண்ணிட்டாங்க. வந்து பில்லையெல்லாம் பாத்தான். தனியா இருந்துக்கிட்டு எதை எதையோ போட்டு விட்டுட்டு மறந்துடறீங்கப்பாங்கறான். நான் என்னத்தைச் சொல்றது? பில் அப்படித்தானே சொல்லுது."

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள், இதை நான் அடித்துச் சொல்வேன். அந்த நேரம் பார்த்து நான்காம் எண்ணுக்குள் இருமல் கேட்டது. மெஷினின் சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்த நீளமான இருமல். செக்கர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"போங்கம்மா, அவரைப் பாருங்க. நான் போய்க்கறேன். எனக்காக நீங்க அலைஞ்ச அளவுக்கு என் சொந்தக்காரன் ஒருத்தன் அலைஞ்சிருக்க மாட்டான்."

அவள் உள்ளே போனாள். தண்ணீர் கொடுத்தாள், முதுகைத் தடவினாள். தடவ வேண்டியதைவிட அதிக நேரம் தடவினாள். வெளியே வந்தபோது டெம்போ போயிருந்தது. மூன்றாம் எண் கதவில் வீட்டுக்காரர் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலை முடியாமல் அடுத்த குடித்தனம் வைப்பதில்லை என்றார்.

இருபது நாள் கழித்து ரீடிங்காரர் வந்துபோனார். பூட்டிய கதவுக்கு அடியில் ஒரு காகிதம் பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தது. பில் அக்கா வீட்டிலிருந்து அடிக்கோலை எடுத்துவந்து, படியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, குனிந்து அதை இழுத்தாள். இருநூற்று எண்பத்து நான்கு யூனிட். உள்ளே ஒரு ஈ எறும்புகூட இல்லாத வீட்டுக்கு!

இதை அவள் முன்பே யோசித்திருக்க வேண்டும். மாதம் பில் கட்டவில்லை என்றால் லைன்மேன் வந்து அந்த நம்பருக்கு ஃபியூஸைப் பிடுங்குவார். நின்றுபோவது அவள் வீட்டு மெஷின். கிழவரை அந்த வீட்டிலிருந்து துரத்தி அவள் என்ன கண்டாள்? அவர் கட்டிக்கொண்டிருந்த அதே பணத்தை இனி அவளே கட்ட வேண்டும். அவள் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றியது அந்தச் சில மாதங்களை மட்டும்தான்.

காதில் கிடந்ததை விற்று அந்த மாதத்தைக் கட்டினாள். கவுன்டரில் இருந்த பெண், "யாரோடதுக்கா, இவ்வளவு?" என்று கேட்டாள். "தெரிஞ்சவங்களுது" என்றாள். அடுத்த மாதத்துக்கு விற்க எதுவும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம் மெஷினை நிறுத்துவது என்று கணவன்தான் சொன்னான். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. நிறுத்திய நேரங்களில் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, உதடு நிறம் மாற, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள்.

வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, ஒரு போன் போட்டு உண்மையைச் சொன்னால் அவர் திரும்பி வந்துவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரியும். வந்தால் எதிர்க்கதவில் இருப்பார். தினமும் விடிந்தால் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். நம்பரை எடுத்துவைத்துக்கொண்டு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள்.

அப்படி ஒரு மதியம், மெஷின் நின்றிருந்த நேரத்தில், அவரே கூப்பிட்டார். பின்னால் டிவி சத்தம். தாழ்ந்த குரலில், யாரோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் பேசினார்.

"எப்படிம்மா இருக்கீங்க? வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"இருக்கார்யா. நீங்க?"

"இருக்கேன், இருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. நான் வந்தப்புறம் ஒரு பில் வந்திருக்குமே, பார்த்தீங்களா? எவ்வளவு யூனிட்?"

கணவன் ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தான். அவள் அவன் உதட்டைப் பார்த்தாள். பதில் சொல்ல அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லைங்கய்யா. வெறும் நிலைக்கட்டணம்தான் வந்திருக்கு."

 

"அப்போ மீட்டர் சரிதான்" என்றார் செக்கர். "கொக்கியும் இல்ல, திருடனும் இல்ல. நான்தான் எதையோ அணைக்காம விட்டிருக்கேன். பையன் சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்தது. அவன் சொன்னதுதான் சரி, என்னைத் தனியா விடக்கூடாது." குரலை இன்னும் தாழ்த்தினார். "இது தெரியாம உங்களை வேற ரெண்டு வருஷம் அலைய விட்டுட்டேன். மன்னிச்சுக்கங்கம்மா."

"பரவாயில்லைங்கய்யா" என்றாள் பில் அக்கா.